இருபதாவது பேர்

அந்த பெஞ்சுல உக்காராதீங்கக்கா, ஒரு கால் ஆடும். இங்க வாங்க, இந்த சிமென்ட் திண்டுல உக்காருங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் அந்தப் பக்கம் போயிடும், இங்க நிழல் நிக்கும். பதினோரு வருஷமா இந்த மரத்தடியில உக்கார்றவன் சொல்றேன், நம்பி உக்காருங்க.

பதினோரு வருஷமான்னு முழிக்காதீங்க. நான் வாட்ச்மேனும் இல்லை, வாத்தியாரும் இல்லை. ஸ்டூடன்ட்தான். பேரு இசக்கிராஜா, ஊரு சங்கரன்கோவில் பக்கம். இந்த யுனிவர்சிட்டியில யாரைக் கேட்டாலும் இசக்கிண்ணாம்பாங்க. நீங்க தம்பின்னே கூப்பிடுங்க.

கேட்டுல செக்யூரிட்டி கேட்டப்ப நாட்றம்பள்ளின்னு சொன்னீங்கல்ல, காதுல விழுந்துச்சு. அதான் பேச்சுக் குடுக்கலாம்னு வந்தேன். அங்க தண்ணி எப்படிக்கா, உப்பா இருக்குமா? தனி ஆளுக்கு ரூம் வாடகைக்கு விடுவாங்களா? இல்லை, சும்மா கேக்கறேன். குரூப் ஒன் பரீட்சைக்குப் படிக்கறவன் மாவட்டவாரியா எல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கணும். எங்கிருந்து கேப்பான்னு சொல்ல முடியாது.

கதவுகிட்ட ஃபைலோட நிக்கறது உங்க பொண்ணா? உக்காரச் சொல்லுங்க. கூப்பிட்டா மைக்ல கூப்பிடுவாங்க, தெரு முனை வரைக்கும் கேக்கும். இருங்க, எந்த டிபார்ட்மென்ட்னு சொல்லாதீங்க, நானே சொல்றேன். நிக்கற நிலையைப் பாத்தாலே தெரிஞ்சுடும். காமர்ஸ். சிரிக்கறீங்க பாத்தீங்களா? அட்மிஷன் சமயத்துல இங்க வர்ற முகம் அத்தனையும் எனக்கு அத்துப்படி. காமர்ஸ் லிஸ்ட்டைக் கூப்பிடறது நாளைக்குத்தான். ஆனாலும் முன்னாடியே வந்தது நல்லதுதான்.

என்ன படிக்கறேன்னா கேக்கறீங்க? கேளுங்க. முதல்ல ஹிஸ்டரி எம்.ஏ. அப்புறம் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேஷன். அப்புறம் மானிடவியல், அப்புறம் சமூகவியல். நடுவுல ஒரு வருஷம் தொல்லியல் டிப்ளமா. ரெண்டு வருஷம் கெஸ்ட். கெஸ்ட்னா விருந்தாளி இல்லைக்கா. அட்மிஷன் இல்லாம அடுத்தவன் ரூம்ல பாய் போட்டுப் படுத்துக்கறதுக்கு இங்க கெஸ்ட்னு பேரு. வார்டன் ரவுண்ட்ஸ் வந்தா பாத்ரூம்ல நிக்கணும். அது ஒரு பொழைப்பில்லை. அதுக்கு ஒரு எம்.ஏ. சேர்ந்துடறது மேல். அட்மிஷன் இருந்தா ஹாஸ்டல் ரூம், மெஸ் சாப்பாடு, லைப்ரரி எல்லாம் தானா வந்துடும். நமக்கு வேண்டியது குரூப் ஒன் படிக்க ஒரு இடம். எம்.ஏ. ஒரு சாக்கு.

நான் மட்டும்னு நினைக்காதீங்க. கவர்மென்ட் பரீட்சைக்குப் படிக்கற பசங்க பாதிப் பேரு இப்படித்தான். யாரும் சீண்டாத டிபார்ட்மென்ட்டா பாத்து சேர்ந்துடுவாங்க. அவங்களுக்கும் ஆள் கிடைச்ச மாதிரி, நமக்கும் ரூம் கிடைச்ச மாதிரி. யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க?

எங்கப்பா மட்டும் ஒவ்வொரு தடவை போன் பண்றப்பவும், "ஏல, இன்னும் எத்தன கிளாஸ்தான் பாக்கி இருக்கு ஒனக்கு?"ம்பாரு. தீப்பெட்டி ஆபீஸ்ல மேஸ்திரி. அவருக்கு ஒரு எம்.ஏ.வுக்கும் இன்னொரு எம்.ஏ.வுக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியாதுங்கறது வேற விஷயம்.

ஆனா ஒண்ணுக்கா, நான் சொல்லிக் குடுத்த பசங்க ஒருத்தன் வீணாப் போகலை. முத்துக்கருப்பன்னு ஒருத்தன். என் நோட்ஸை வெச்சு ரெண்டாவது தடவையிலயே பாஸ் பண்ணி இன்னிக்கு சார்பதிவாளர். கோமதிநாயகம் போலீஸ்ல எஸ்.ஐ. அதோ, உள்ள மைக் வெச்சுக்கிட்டு பேர் கூப்பிடறான் பாருங்க, நீலச் சட்டை, எபநேசர். பிலாசபி டிபார்ட்மென்ட் அசிஸ்டென்ட் புரொபசர். அவன் முதல் நாள் இங்க வந்தப்ப அப்ளிகேஷன் ஃபில்லப் பண்ணிக் குடுத்தவன் நான். அப்பா பேர் எழுதற இடத்துல அவன் பேரை எழுதி வெச்சிருந்தான். போன வாரம் அவன் இன்டர்வியூ நடத்தறான், நான் எதிர்ல உக்காந்து பதில் சொல்றேன். "ஏன் பிலாசபி படிக்க விரும்புறீங்க?"ன்னு கேட்டான். பக்கத்துல ஹெச்.ஓ.டி. மேடம் வேற. "உனக்குத் தெரியாதாடா"ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு.

ஆமாக்கா, இந்த வருஷம் பிலாசபி. அதுல எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்றேன், கேளுங்க. நேரம் இருக்குல்ல? மணி என்ன, மூணா? நாலு மணி வரைக்கும் எனக்கும் வேலை இல்லை.

ஏப்ரல் மாசம் கேன்டீன்ல டீ குடிச்சிட்டிருந்தேன். அருள்மொழி மேடம், பிலாசபி ஹெச்.ஓ.டி., நேரா என் டேபிளுக்கு வந்துட்டாங்க. நான் அவங்க ஸ்டூடன்ட் கூட இல்லை. "இசக்கி, இருபது சீட்டு இருக்கு. போன வருஷம் எட்டுப் பேரு, முந்தின வருஷம் ஆறு பேரு. இந்த வருஷம் பத்துப் பேர் தேறலைன்னா கோர்ஸை நிறுத்தி வெச்சுடுவாங்க. ஏதாவது பண்ணுங்க"ன்னாங்க. ஒரு ஹெச்.ஓ.டி. என்கிட்ட வந்து கேக்கறாங்க. துணைவேந்தர்கிட்ட கேக்கலை, என்கிட்ட கேக்கறாங்க. எனக்கு அன்னிக்கு ரெண்டாவது டீ இறங்கலை.

ராத்திரி பகல் பாக்காம ஒரு போஸ்டர் தயார் பண்ணேன். போன்லதான். பெரிய எழுத்துல, "தத்துவம் படித்தால் வேலை கிடைக்குமா? கிடைக்காது. ஹாஸ்டல் கிடைக்கும்." அதுக்குக் கீழ சின்னதா ஏதாவது எழுதணும்ல, அதுக்காக, "மற்ற படிப்புகள் பதில் சொல்லித்தரும். இங்கே கேள்வி கேட்கலாம்"னு ஒரு வரி போட்டேன். அது சும்மா இடம் காலியா இருந்துச்சுன்னு போட்டது. கையில இருந்த வாட்ஸப் குரூப் அத்தனையிலயும் தட்டி விட்டேன். அறுபத்திமூணு குரூப்.

மேடம் பத்துப் பேர் வேணும்னாங்க. நூத்தி நாப்பது அப்ளிகேஷன் வந்துச்சு.

டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் ஒரே குஷி. மேடம் என்னைக் கூப்பிட்டு ஸ்வீட் பாக்ஸ் குடுத்தாங்க. நானும் பெருமையா சாப்பிட்டேன். எபநேசர்தான், "அண்ணா, கொஞ்சம் அதிகமா பண்ணிட்டீங்களோ?"ன்னான். எனக்கு அப்பவும் உறைக்கலை. டிகிரி மார்க் வெச்சு லிஸ்ட் போடுவாங்கல்ல? என் டிகிரி மார்க் அம்பத்திரெண்டு. எட்டுப் பேர் வர்ற எடத்துல அம்பத்திரெண்டு ராஜா. நூத்தி நாப்பது பேர் வர்ற எடத்துல? ஏற்கெனவே நாலு எம்.ஏ. இருக்குன்னு இன்டர்வியூல கொஞ்சம் மார்க் போட்டு எப்படியோ உள்ள இழுத்தாங்க. இருபது பேர் லிஸ்ட்ல இருபதாவது பேரு நான். எனக்கு மேல பத்தொன்பது பேரு. அதுல முக்கால்வாசி என் போஸ்டரைப் பாத்து வந்ததுங்க. என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன். அது அநியாயமா இல்லையா?

காலையில பத்து மணியில இருந்து கூப்பிட்டுக்கிட்டிருக்கான். ஒரிஜினல் டி.சி.யைக் குடுத்தா சீட் உறுதி. போர்டுல டிக் அடிப்பாங்க. குடுக்காதவங்களை நாலு மணி நெருங்கறப்ப மூணு தடவை கூப்பிடுவாங்க, அப்பவும் வரலைன்னா சீட் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கறவங்களுக்குப் போயிடும். நான் ஏன் இன்னும் போகலையா? கடைசிப் பேருக்கு என்னக்கா அவசரம். கூட்டம் குறையட்டும்னு உக்காந்திருக்கேன். இதோ, ஃபைல் மடியிலதான் இருக்கு. டி.சி., மார்க் ஷீட்டு, போட்டோ, எல்லாம் ரெடி. இன்னொரு பேப்பரும் இருக்கு, அது வேற. அதை விடுங்க.

உங்க கதையைச் சொல்லுங்க. பொண்ணு காமர்ஸ்ல எத்தனையாவது?

என்னது?

காமர்ஸ் இல்லையா? அப்ப முதல்லயே சொல்லியிருக்கலாம்லக்கா. நான் விடலையா? சரி, சரி. எந்த டிபார்ட்மென்ட்?

பிலாசபியா?

ஆசைப்பட்டா? நிஜமாவா? டிகிரி என்ன? பி.எஸ்சி. பிசிக்ஸ். பிசிக்ஸ் முடிச்சிட்டு பிலாசபி. யார் மேலக்கா கோபம்? தப்பா எடுத்துக்காதீங்க. இந்தப் பதினோரு வருஷத்துல பிலாசபியை ஆசைப்பட்டு எடுக்க வந்த ஆளை நான் பாத்ததில்லை. நேரம்னா என்னம்மான்னு கேட்டாளா உங்ககிட்ட? நீங்க என்ன சொன்னீங்க? "ஷூ கம்பெனிக்குப் பத்து நிமிஷம் லேட்டாப் போனா கேட்டை மூடிடறான், அதான் நேரம்"னா? பிரமாதம்க்கா. அருள்மொழி மேடம் கூட இவ்வளவு தெளிவா சொல்ல மாட்டாங்க.

எப்படித் தெரிஞ்சுது இந்தக் கோர்ஸ் இருக்குன்னு? வாட்ஸப்ல வந்துச்சா. இந்த போஸ்டரா? இதோ, என் போன்ல இருக்கு பாருங்க, இதானே? ஹாஸ்டல் வரியைப் பாத்துட்டா வந்தா? இல்லையா? கீழ இருந்த வரியா? அந்தச் சின்ன எழுத்தா?

அது சும்மா போட்டதுக்கா.

வெயிட்டிங் லிஸ்ட்ல எத்தனையாவது? ஒண்ணா? அட, அப்புறம் எதுக்கு இந்த முகம்? வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணுன்னா கிடைச்ச மாதிரிதான். இருபது பேர்ல எவனாவது ஒருத்தன் வர மாட்டான். எந்த வருஷமும் முழுசா வந்ததா சரித்திரமே இல்லை. எவனுக்காவது வேலை கிடைச்சிருக்கும், எவளுக்காவது வேற ஊர்ல சீட் கிடைச்சிருக்கும். ரயில் லேட்டாயிருக்கும். கவலையே படாதீங்க. நான் சொல்றேன், இன்னிக்கு உங்க பொண்ணு டி.சி.யைக் குடுத்துட்டுத்தான் ஊருக்குப் போவா. இருங்க, போர்டைப் பாத்து எண்ணிச் சொல்றேன், இங்கிருந்தே தெரியும். மேல் வரிசை முழுசா டிக். ரெண்டாவது வரிசையும் டிக். பதினேழு, பதினெட்டு. பத்தொன்பதாவது ஒரு தர்மபுரிப் பையன், அவனும் வந்துட்டான். பத்தொன்பது பேரும் குடுத்துட்டாங்க.

ஒருத்தன்தான் பாக்கி.

ஒருத்தன்தான் பாக்கிக்கா.

தண்ணி குடிக்கறீங்களா? இந்த பாட்டில்ல இருக்கு, கேன் தண்ணிதான். நான் குடிச்சுக்கறேன் அப்போ.

உங்களுக்குத் தெரியும்ல? நான் இருபதாவதுன்னு சொன்னப்பவே தெரிஞ்சிருக்கும். அதுக்கப்புறமும் ஒண்ணும் சொல்லாம கேட்டுக்கிட்டிருந்தீங்களா? நல்ல ஆளுக்கா நீங்க. நானா இருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன்.

இன்னிக்குக் கிடைக்கலைன்னா என்ன பண்றதா இருக்கீங்க? அடுத்த வருஷம் வரலாம்ல? ஓ. வீட்டுக்காரர் இந்த ஒரு நாள்தான் டைம் குடுத்தாரா. நாளைக்குக் காலையில அவரோட மாமா காலேஜ்ல பி.எட்.டுக்கு டி.சி.யைக் குடுத்துடணுமா. குடுத்துடாதீங்க. பிரைவேட் காலேஜ்ல டி.சி. உள்ள போனா லேசுல வெளிய வராது. திருப்பிக் கேட்டா முழுக் கோர்ஸுக்கும் ஃபீஸைக் கட்டுன்னு நிப்பாங்க. அதான் பொண்ணு உக்கார மாட்டேங்குதா? ஃபைலைப் பிடிச்சிருக்கற பிடியைப் பாத்தா அப்படித்தான் இருக்கு. பேரு என்ன? வினோதா.

அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், நியாயமா யோசிச்சுப் பாருங்க. இது என் ரூம் பிரச்சினை. உங்க பொண்ணுக்குப் படிப்பு, இந்தக் கோர்ஸ் இல்லைன்னா வேற கோர்ஸ். எனக்கு ரூம் போச்சுன்னா மறுபடி கெஸ்ட். முப்பத்தோரு வயசுல பாத்ரூம்ல ஒளிஞ்சு நிக்க முடியுமா? குரூப் ஒன் பிரிலிம்ஸ் வேற வருது. இந்தத் தடவை விட்டா... இந்தத் தடவை கண்டிப்பா வந்துடும். போன தடவையும் கண்டிப்பா வந்திருக்கும், நாலு கேள்வியில போச்சு. அதுக்கு முந்தின தடவை காய்ச்சல்.

நான் ஆள் கூட்டிட்டு வந்த கோர்ஸ் இது. என் போஸ்டர் இல்லைன்னா இந்நேரம் அந்த டிபார்ட்மென்ட்டுக்குப் பூட்டு தொங்கும். எனக்கு ஒரு சீட்டுக்கு உரிமை இல்லையா? சொல்லுங்க.

பொண்ணையே பாத்துக்கிட்டிருந்தா எப்படிக்கா?

நீங்க ஒரு மாதிரிக்கா. சரி, அந்த இன்னொரு பேப்பரைக் காட்டறேன். யார்கிட்டயும் காட்டினதில்லை. எபநேசருக்குக் கூடத் தெரியாது. போன வருஷம் ரூம்ல பசங்க எல்லாம் குரூப் ஃபோர் எழுதப் போனாங்க. துணைக்குப் போன மாதிரி நானும் எழுதினேன். பிராக்டிஸுக்குத்தான். வந்துடுச்சு. ஜூனியர் அசிஸ்டென்ட், தாலுகா ஆபீஸ். படிங்க, ஆர்டர்தான். ரெண்டு வாரமா இந்த ஃபைல்லயே கிடக்கு. வர்ற திங்கக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்.

ஏன் சொல்லலையா? எப்படிக்கா சொல்றது? இங்க என்னைப் பசங்க கலெக்டரண்ணாம்பாங்க. பதினோரு வருஷமா அப்படித்தான் கூப்பிடறாங்க. மெஸ்ல சாம்பார் ஊத்தறவர் கூட, "கலெக்டருக்கு இன்னொரு கரண்டி"ன்னுதான் ஊத்துவாரு. அவங்க முன்னாடி பெட்டியைத் தூக்கிக்கிட்டு, ஜூனியர் அசிஸ்டென்ட்டா போறேன்டான்னு சொல்லணும். வெக்கமா இருந்துச்சுக்கா. அதை விடப் பயமாவும் இருந்துச்சு. இங்க எனக்கு எல்லாம் தெரியும். எந்த பெஞ்சுக்குக் கால் ஆடும்னு தெரியும். எந்த கிளார்க்கு சாப்பிட்டு வந்தப்புறம் நல்ல மூட்ல இருப்பாருன்னு தெரியும். அங்க போனா நான் புதுசு. ஒரு ஃபைலை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்கணும்னு யாராவது சொல்லிக் குடுக்கணும்.

ஊர் பேரா? கீழ இருக்கு, படிங்க. இல்லை, அதை அப்புறம் படிக்கலாம். குடுங்க இப்படி.

மைக்ல கூப்பிடறான். எனக்கும் கேட்டுச்சுக்கா. இசக்கிராஜா, இருபதுன்னு கூப்பிடறான். கூப்பிடட்டும். மூணு தடவை கூப்பிடுவான், இது முதல் தடவைதான். நீங்க உக்காருங்க, எந்திரிக்காதீங்க. நான் அந்த முத்துக்கருப்பன் கதையை முழுசா சொல்லலைல்ல? அவன் முதல் தடவை பரீட்சை எழுதப் போறப்ப ஹால் டிக்கெட்டுக்குப் பதிலா மெஸ் கார்டை எடுத்துட்டுப் போயிட்டான். நான்தான் ஹாஸ்டல்ல இருந்து ஆட்டோ பிடிச்சு, சிக்னல்ல இறங்கி ஓடி, கேட் மூடறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி கொண்டுபோய்க் குடுத்தேன். அன்னிக்கு எனக்கும் பரீட்சை, வேற சென்டர்ல. அது வேற கதை. அதுக்கென்ன, அடுத்த வருஷம் எழுதினேன்.

ரெண்டாவது தடவையா? இந்தப் பேர்ல எங்க ஊர்ப் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்கக்கா.

கையைப் பிடிக்காதீங்க. நான் ஒண்ணும் தியாகம் பண்ணலை. பேச்சு சுவாரசியத்துல காது கேக்கலை, அவ்வளவுதான். என்கிட்ட இந்த ஒரு குறை உண்டு, பேச ஆரம்பிச்சா நேரம் போறது தெரியாது. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

எபநேசர் வெளியவே வந்துட்டான் பாருங்க. கதவுகிட்ட நின்னு என்னையே பாக்கறான். அந்தப் பக்கம் பாக்காதீங்க. கையைக் காட்டறான். நான் சும்மா தலையைச் சொறிஞ்சுக்கறேன், அவனுக்குப் புரியும், ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல இருந்தவன். மூணாவது தடவை மைக் இல்லாமயே கூப்பிடறான், கேட்டுச்சா? "இசக்கிண்ணா"ன்னு கூப்பிடறான். அட்மிஷன்ல இப்படியெல்லாம் கூப்பிடக்கூடாது. இவனை எப்படி அசிஸ்டென்ட் புரொபசரா போட்டாங்களோ.

போயிட்டான் உள்ள.

மணி நாலு.

கேட்டீங்களா? வினோதா, வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணு. ஓடுங்கக்கா. அவ திரும்பி உங்களைத் தேடறா பாருங்க, அழுவறாளா சிரிக்கறாளான்னு தெரியலை. இருங்க, ஒரு நிமிஷம். டி.சி.யைக் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கச் சொல்லுங்க. ஹாஸ்டல் அப்ளிகேஷனை இன்னிக்கே போடச் சொல்லுங்க, நாளைக்குன்னா கூட்டம். லைப்ரரியில ரெண்டாவது மாடி, ஜன்னலோர மேஜை. அது எப்பவும் காலியா இருக்காது, திங்கக்கிழமையில இருந்து இருக்கும். அங்க உக்காந்து நேரம்னா என்னன்னு சாவகாசமா யோசிக்கட்டும்.

நீங்க டி.சி.யைக் குடுத்துட்டு இந்த வழியாத்தானே வருவீங்க? உங்க ரயில் எத்தனை மணிக்கு? நான் இங்கதான் உக்காந்திருப்பேன். அந்த ஆர்டரை மறுபடி தர்றேன், ஊர் பேரை அப்புறம் படிக்கலாம்னேன்ல, நிதானமா படிங்க. படிச்சிட்டு நான் முதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அங்க தண்ணி உப்பா? தனி ஆளுக்கு ரூம் விடுவாங்களா, மாட்டாங்களா?